பாரம் தெரியாத மீட்டர்

கோமதி, அப்பா எழுதுகிறேன். கடைத்தெருவிலிருந்து போன் போட்டால் உன் அம்மா முதலில் வாங்கிக்கொள்கிறாள். அவள் சமையலிலிருந்து சாமி வரைக்கும் விசாரித்து முடிப்பதற்குள் சில்லறை தீர்ந்துவிடுகிறது. எனக்கு மிஞ்சுவது "சரிம்மா, வச்சிரவா" மட்டும்தான். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் கல்யாணத்தன்று பந்தியில் மாப்பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் படம் பிடிக்கிறவர் வந்து எல்லாரையும் எழுப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராகப் பதிலுக்குப் போனால் நான் உன் அப்பாவாக இருக்க முடியாது. சுற்றி வளைத்துத்தான் வருவேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்.

பெடல் மெஷின் கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்று முதலிலிருந்தே சொல்கிறேன். நம் தேயிலைத் தோட்டத்துப் பழைய மேனேஜர் துரை மாற்றலாகி மலையை விட்டுக் கீழே போனபோது பங்களாச் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். அதில் ஒரே ஒரு சக்கரம் வைத்த சைக்கிள் ஒன்று இருந்தது. ஏறி மிதித்தால் இருந்த இடத்திலேயே இருக்கும், எங்கேயும் போகாது. ஒரு பெடல் ஒடிந்து தொங்கியது. லாரியில் இடமும் இல்லை. பேக்டரி பிட்டர் சரி பண்ணினால் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுத் துரை காரில் ஏறிவிட்டார். பிட்டர் நான்தான். பெடலைப் பற்ற வைத்து, தூசி தட்டி, தேயிலை காய வைக்கிற அறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். நம் மலையில் அந்த இடத்தில் மட்டும்தான் மழைக்காலத்திலும் சட்டையைக் கழற்றலாம்.

அந்தக் கைப்பிடியின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. மிதிக்க மிதிக்க அதில் எண் ஏறும். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், கடைசியில் எவ்வளவு கலோரி எரிந்தது என்று காட்டும். எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப் போய்விட்டது. நான் மீட்டரைப் பார்த்தே பிழைத்தவன். பாய்லரில் முள் சிவப்பைத் தொட்டால் ஓடுவேன், தொடாவிட்டால் உட்கார்ந்து டீ குடிப்பேன். இத்தனை வருஷமாக உயிரோடு இருப்பதே மீட்டர் சொன்னதைக் கேட்டதால்தான். அப்படிப்பட்டவனிடம் ஒரு கண்ணாடி வந்து, "நீ இவ்வளவு எரித்துவிட்டாய்" என்று சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்?

அதை நம்ப வேண்டிய அவசரமும் அப்போது இருந்தது. நீ கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியைப் படிப்பில் இருந்தாய், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஒரு நாள் பாய்லர் பக்கத்தில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் என்னைப் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். இனிப்பு நீர், ரத்த அழுத்தம், வயிறு என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, தைப்பூசம் கழிந்ததும் மறுபடியும் பார்ப்பதாகவும், அப்போதும் இப்படியே இருந்தால் பாய்லர் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தலை சுற்றுகிறவனை எவன் கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்தில் நிறுத்துவான்? ஆனால் தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். பிட்டர் வீடு அடுத்த பிட்டருக்கு. உன் அம்மா இதை உனக்குச் சொன்னதும், படிப்பை நிறுத்திவிட்டு வந்து எங்கேயாவது தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்துகொள்கிறேன் என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே தலை சுற்றியது. ஓடுவதற்கென்றே பிறந்த பிள்ளை நீ. நான் விழுந்ததால் நீ நிற்கக் கூடாது என்று மனசுக்குள் அடித்துச் சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மெஷினில் ஏறிவிடுவேன். முதல் இரண்டு நாள் தொடை கழன்று போனது. சக்கரத்தைச் சுற்றி ஒரு பெல்ட் போகிறது, அது இறுக்கிப் பிடித்து உரசுகிறது என்று கண்டுபிடித்தேன். பிட்டருக்கு உரசல் என்றால் ஆகாது. எங்கே உரசினாலும் எண்ணெய் விடு, இறுக்கினால் தளர்த்து, இதுதான் என் தொழில். பெல்ட்டைத் தளர்த்தினேன், அச்சுக்கு எண்ணெய் விட்டேன். அப்புறம் பார், சக்கரம் சத்தமே இல்லாமல் வெண்ணெயாக ஓடியது. எண் இன்னும் வேகமாக ஏறியது. மெஷினைச் செய்தவனுக்கே தெரியாத குறையை நான் சரி பண்ணிவிட்டதாக ஒரே பெருமை. கொழுந்து நிறுக்கிற தராசில் மிதிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, மிதித்த பின்னால் ஒரு தடவை ஏறி நிற்பேன். அந்தச் சூட்டில் சட்டை பிழிய வேர்க்கும், எடையும் குறைந்திருக்கும். டிரசர் அறையில் எந்தப் பலகாரத்தில் எவ்வளவு கலோரி என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. மீட்டர் காட்டியதையும் அந்தப் படத்தையும் ஒப்பிட்டு, இன்றைக்கு நெய் ஒழுகுகிற ரொட்டி சானாய்க்கு இடம் இருக்கிறது, சூசு என்கிற இனிப்பு டின்பால் போட்ட டீக்கும் இடம் இருக்கிறது என்று தைரியமாகச் சாப்பிட்டேன். உன் அம்மா ஏதாவது சொன்னால், "மீட்டர் பாத்துட்டுத்தான் திங்கிறேன்" என்பேன்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு நீ வந்தாய். என் வயிற்றைப் பார்த்தாய். மறுநாள் என்னோடு பேக்டரிக்கு வந்து மெஷினில் ஏறி மிதித்தாய். உன் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு, முதுகில் கூடையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாப்பா இது, காத்துல மிதிக்கிற மாதிரி இருக்கு. பெல்ட் எங்க?"

"பெல்ட் இருக்கு. உரசிக்கிட்டே இருந்துச்சு, தேஞ்சிரும்னு லூஸ் பண்ணிட்டேன்."

நீ இறங்கி என்னைப் பார்த்தாய். "அப்பா, அது உரசுறதுக்குத்தான்பா வச்சிருக்கான். உரசுறத மீறி மிதிச்சாத்தான் ஒடம்புக்கு வேல."

"அப்ப நம்பர் எப்படி ஏறுது? மெஷின் பொய் சொல்லுமா?"

நீ வாக்குவாதம் பண்ணவில்லை. அதுதான் உன்னிடம் எனக்குப் பிடித்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். ஒரு கையில் அம்மா வாங்கி வந்த வாழைப்பழ பஜ்ஜி, அதுதான் பீசாங் கோரெங். இன்னொரு கையால் பெடலைப் பிடித்து, ராட்டினம் சுற்றுகிற மாதிரி சும்மா சுற்றிக்கொண்டே தின்றாய். கண்ணாடியில் கலோரி ஏறிக்கொண்டே இருந்தது. கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "பாருங்கப்பா, தின்னுக்கிட்டே எளைச்சிட்டேன் லா" என்றாய். உன் அம்மா சிரித்த சிரிப்பில் கூடை முதுகிலிருந்து நழுவியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பேனரை எடுத்து மூடியைக் கழற்றினேன். சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம். எதிரே ஒரு கம்பி. காந்தம் கம்பியைக் கடந்தால் ஒரு சுற்று. அவ்வளவுதான் சங்கதி. பெல்ட்டுக்கும் மீட்டருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. சுற்று எத்தனை என்று அதற்குத் தெரியும், பாரம் எவ்வளவு என்று தெரியாது. ஏறி மிதிக்கிறவன் யார் என்றும் தெரியாது. இதைச் செய்தவர்கள் ஏதோ ஒரு ஆளை மனசில் வைத்து, இந்த எடை, இந்த வயது, இந்த இறுக்கம், ஒரு சுற்றுக்கு இவ்வளவு எரியும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள், அந்த ஆள் நீங்களும் இல்லை அம்மாவும் இல்லை என்று நீ சொன்னாய். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலில் ஓடுகிற பெல்ட் மெஷின் பார்த்தாயாம். அது கொஞ்சம் கெட்டிக்கார மெஷின், எடையெல்லாம் கேட்குமாம். ஆனால் கைப்பிடியில் பாதி உடம்பைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தாலும் முழு ஆளுக்கான எண்ணைத்தான் காட்டுமாம். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சும்மா ஒக்காந்திருந்தாலும் ஒடம்பு கொஞ்சம் எரிக்குமில்ல, அதக் கழிச்சிட்டுத்தான் காட்டுதா?" பெரும்பாலும் கழிப்பதில்லை என்று நீ சொன்னதும், "அப்போ கூடையோட சேத்து நிறுத்துட்டு எல்லாம் கொழுந்துன்னு சொல்லுது" என்றாள்.

நான் கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தேன். "சரி, மீட்டர விடு. தராசு? மிதிச்சிட்டு ஏறுனா எட கொறையுதே?"

நீ மேலே கையைக் காட்டினாய். மேல் தட்டில் கொழுந்து பரப்பியிருந்தது. "ராத்திரி முழுக்க வாட்டுறீங்க. காலையில நிறுத்தா கொறஞ்சிருக்கு. கொழுந்து எங்கயாச்சும் போயிருச்சாப்பா?"

கொழுந்து எங்கேயும் போகாது, ஈரம்தான் போகும் என்று தோட்டத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும். வாட்டுகிற காற்றாடியை ஓட்டுகிறவனே நான்தான். என்னையே நான் வாட்டிக்கொண்டு, இளைத்துவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். உன் மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு நாள் உனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று இப்போது சொல்கிறேன். எவ்வளவு அழகாக யோசிக்கிறாள் என் பிள்ளை என்ற பெருமைதான் இருந்தது. ஒரு விஷயத்தைக் கரும்பலகையில் எழுதாமல், திட்டாமல், ஒரு பீசாங் கோரெங்கை வைத்துப் புரிய வைக்க எத்தனை வாத்தியாருக்கு வரும்?

மூன்றாம் நாள் நீயே பேசினாய். மெஷினைத் தூக்கிப் போடப் போகிறேன் என்று நான் சொன்னதற்கு, "நம்பர நம்பாதீங்க, ஆனா தூக்கியும் போடாதீங்கப்பா. பெல்ட்ட ஒரே இடத்துல இறுக்கி வைங்க. அப்புறம் நேத்து நம்பரையும் இன்னிக்கு நம்பரையும் மட்டும் சண்டைக்கு விடுங்க. ரொட்டி சானாய் கூட சண்டைக்கு விடாதீங்க" என்றாய். அது எனக்கு உடனே புரிந்தது. பேக்டரியில் ஒரு வெப்பமானி ரொம்ப நாளாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகிறது. எப்போதும் அதே அளவு கூட்டிக் காட்டுவதால் அதை வைத்தே நல்ல தேயிலை காய வைக்கிறோம். மெஷின் மேல் எனக்கு மறுபடியும் மரியாதை வந்தது. பாவம், அதைச் சுற்று எண்ணச் சொன்னார்கள், அது எண்ணியது. அதில் பொய் எங்கே இருக்கிறது?

அதோடு நீ விடவில்லை. காலையில் என்னோடு நடக்க வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனாய். நம் மேட்டு லயத்து வரிசை வீடுகளிலிருந்து இறங்கி, பேக்டரியைத் தாண்டி, கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லாரி வருகிற ரோடு வரைக்கும் போவோம். திரும்பி வருவது முழுக்க ஏற்றம். மூடுபனியில் தேயிலைச் செடியே தெரியாது, உன் சிவப்புச் சட்டை மட்டும் தெரியும். மாநில அளவில் ஓடியவள் நீ, எனக்குப் பக்கத்தில் ஆமையாக நடந்தாய். "கத சொல்லுங்கப்பா, சும்மா நடந்தா போரடிக்குது" என்று சொல்லிக்கொண்டே வருவாய். எனக்குக் கேட்கவா வேண்டும்? கல்யாணத்துக்கு முன்னால் நான் லாரி ஓட்டி உன் அம்மாவின் கொழுந்து மேல் சேற்றை வாரி இறைத்து, அவள் கொழுந்து வெட்டுகிற கத்தரியைத் தூக்கிக்கொண்டு என்னை விரட்டிய கதை. கம்போங் ராஜாவில் காருக்குள் கோழி முட்டை போட்ட கதை. வாய் ஓயாமல் சொல்லுவேன். தண்ணித் தொட்டி வளைவில் ஏற்றம் செங்குத்தாக இருக்கும், அங்கே எனக்குப் பேச்சு அறுந்துவிடும். உடனே நீ, "போதும்பா, மூச்சு வாங்குது, மெதுவா வாங்க" என்பாய். ரொட்டி சானாயும் சூசும் நின்றன, நடை நிற்கவில்லை, பெல்ட்டை இறுக்கி மிதிப்பதும் நிற்கவில்லை. நீ கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் தனியாக நடந்தேன். கதை கேட்க ஆள் இல்லாததால் செடிகளிடம் சொல்லிக்கொண்டு போனேன்.

தைப்பூசம் கழிந்து டாக்டரைப் பார்க்கப் போன அன்று நீ லீவு போட்டுவிட்டு வந்தாய். டாக்டர் ரத்தத்தைப் பார்த்தார், கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார், மறுபடியும் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாய்லருக்குப் போகலாம், மாத்திரையை விடக் கூடாது, நடையையும் விடக் கூடாது என்றார். உன் அம்மா வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதாள். நான் தானா ராத்தா டவுன் டீக்கடையில் சூசு போடாத டீயை ராஜா மாதிரி உட்கார்ந்து குடித்தேன். அப்போதுதான் நீ ரகசியத்தைச் சொன்னாய். "நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான்பா சரியான வேகம். அதுக்கு எந்த மெஷினும் வேணாம். உங்க கத நின்னா நா வேகத்தக் கொறப்பேன்."

அந்த நேரத்தில் நான் சிரித்தேன். ஆனால் உள்ளே ஏதோ குத்தியது. "அப்போ நீ கதையே கேக்கலையா? மூச்சத்தான் பாத்தியா?" என்று கேட்டேன்.

"கேட்டேன் லா" என்று சிரித்தாய்.

விளையாட்டாக ஒட்டிய அந்த 'லா'வை நான் நம்பவில்லை. வேலை நிலைத்தது, வீடு நிலைத்தது, நீ படித்து முடித்து ஸ்கூலுக்கும் போய்விட்டாய். எல்லாம் உன்னால்தான். இருந்தாலும் என் வாழ்க்கைக் கதையெல்லாம் உனக்கு ஒரு மீட்டராகத்தான் பயன்பட்டது என்று ஒரு சின்னக் குறை இத்தனை நாளும் இருந்தது. அப்பாவுக்கு இப்படியெல்லாம் தோன்றுமா என்று நினைக்காதே. தோன்றும்.

இப்போது நீ புது வீட்டில் இருக்கிறாய். புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் உன் அம்மா என்னை உள்ளே விட மாட்டாள், அதனால் கொஞ்சம் கேட்டுக்கொள். நாலு பேர் இருக்கிற வீட்டில் யார் எத்தனை வேலை செய்தார்கள் என்று ஒரு பேச்சு எப்படியும் வரும். பார்க்கிறவர்களுக்குச் சுற்றுதான் தெரியும், பாரம் தெரியாது. அவர்கள் கெட்டவர்கள் என்று நினைக்காதே, தெரிகிறதைத்தான் அவர்களால் எண்ண முடியும். உனக்குப் பாரமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடு. மாப்பிள்ளை வேலை விட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தால், நீயும் அவருடைய சுற்றை மட்டும் எண்ணாதே. ஸ்கூலில் குண்டுப் பிள்ளை ஒன்று கடைசியாக ஓடி வந்தால், முதலில் வந்தவனை விட அதிகமாக எரித்தது அதுவாகவும் இருக்கலாம், அது உனக்கே தெரியும். நான் சொல்லவே தேவையில்லை. சொல்ல ஆசையாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

சரி, மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசத்தைக் கூடத் தொடாமல், மெதுவாகக் கேட்டார். "மாமா, கோமதி பொறந்த அன்னிக்கு நீங்க தேயிலையக் கருக்கிட்டீங்களாமே. கிராணி வந்து என்ன சொன்னாரு? அவளுக்கு அதுக்கு மேல தெரியாதாம். தண்ணித் தொட்டிகிட்ட உங்களுக்கு மூச்சு வாங்கிருச்சாம், அதோட கத நின்னுருச்சாம். அதுக்கப்புறம் கேக்கவே வாய்க்கலன்னு வருத்தப்பட்டா."

கோமதி, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. படம் பிடிக்கிறவர் வந்தது நல்லதாகப் போயிற்று. அந்தப் படத்தில் நான் ஏன் அப்படி முழிக்கிறேன் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். கோழி முட்டைக் கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. கத்தரி விரட்டலும் தெரிந்திருந்தது. நீ எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாய். மூச்சையும் பார்த்து, கதையையும் கேட்டு, எங்கே அறுந்தது என்று இத்தனை வருஷம் ஞாபகமும் வைத்திருக்கிறாய். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லையே, என் கதையைப் போய் இப்படிக் கேட்டிருக்கிறாயே.

மீதியைச் சொல்கிறேன். அப்போது நான் பிட்டர் இல்லை, தேயிலை காய வைக்கிற அடுப்புக்கு விறகு போடுகிற ஆள். உன் அம்மாவுக்கு மேட்டு லயத்தில் வலி எடுத்திருந்தது. அடுப்பை விட்டு நகர முடியாது. பெண் குழந்தை என்று லயத்திலிருந்து ஒரு ஆள் ஓடி வந்து சொன்னான். சந்தோஷத்தில் விறகை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. தேயிலை கருகி நாற்றம் பேக்டரி முழுக்கப் பரவிவிட்டது. கிராணி வந்தார். எங்களையெல்லாம் மேய்க்கிற வெள்ளைச் சட்டைக்காரர், சிடுமூஞ்சி, அவருக்குப் பயப்படாத ஆள் தோட்டத்திலேயே கிடையாது. கருகின தேயிலையைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார். வேலை போச்சு என்று நின்றேன். விஷயம் என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஏன்யா இன்னும் நிக்கிற? போய்ப் புள்ளையப் பாரு. அடுப்ப நா பாத்துக்கிறேன்" என்றார்.

நான் ஓடினேன். பேக்டரியிலிருந்து மேட்டு லயம் வரைக்கும், செருப்புகூடப் போடாமல் ஓடினேன். நீ என்னை நிறுத்தினாயே, அதே தண்ணித் தொட்டி வளைவு, அதே ஏற்றம்தான். எனக்கு மூச்சு வாங்கியதா என்று இன்றைக்கு வரைக்கும் ஞாபகம் இல்லை. கதவைத் திறந்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய். உன்னைத் தூக்கிப் பேசினேன், பாடவும் செய்தேன்.